பதினேழு வயதில் செய்த குற்றத்துக்கு எத்தனை வருடம்?

கேள்வி (ஆகஸ்ட் 2)

பதினேழு வயது பதினோரு மாதத்தில் ஒருத்தன் ஆளை வெட்டினால் சிறுவன். அடுத்த மாதம் வெட்டினால் கொலைகாரன். அரிவாளைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு அதன் விளைவு மட்டும் தெரியாதா? மூன்று வருடம் எங்கேயோ உட்கார வைத்து, தையல் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். செத்தவன் வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வீர்கள்? இந்தப் பையன்களுக்காகப் பேசுகிறவர்கள் யாராவது சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 2, இரவு

அந்தப் பையன்களுக்காகப் பேசுவது என் பிழைப்பு. வக்கீல். இலவசச் சட்ட உதவிப் பட்டியலில் பெயர் இருப்பதால் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு (18 முடியாதவர்கள் மீதான வழக்குகளைப் பார்க்கும் அமைப்பு) அடிக்கடி போய்வருகிறேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில் அந்த மூன்று வருடம். அது பழைய கதை. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் மாணவியைக் கூட்டு வன்புணர்வு செய்து கொன்ற வழக்கில் ஆறு பேரில் ஒருவனுக்கு வயது 17. அன்றைய சட்டப்படி அவனுக்குக் கொடுக்க முடிந்த அதிகபட்சம் மூன்று வருடம், அதைத்தான் கொடுத்தார்கள். 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்தான். நாடே கொதித்தது. அதே வாரத்தில் மாநிலங்களவையில் புதிய சட்டம் நிறைவேறி, 2016 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இப்போது 16 முடிந்து 18 முடியாத ஒருவன் கொடுங்குற்றம் செய்ததாக வழக்கு வந்தால், குழுமம் அவனை முதற்கட்டமாக மதிப்பிட்டு, பெரியவர்களைப் போல விசாரிக்கச் சொல்லிச் சிறார் நீதிமன்றத்துக்கு (குழுமம் வேறு, இது செஷன்ஸ் நீதிமன்ற அளவிலானது) அனுப்பலாம். அங்கே பத்து வருடமும் கொடுக்கலாம், ஆயுளும் கொடுக்கலாம். இரண்டு மட்டும் முடியாது: தூக்கு, வெளியே வரவே வழியில்லாத ஆயுள்.

நீங்கள் கேட்பது கிட்டத்தட்டப் பத்து வருடமாகச் சட்டத்தில் இருக்கிறது. கோபம் மட்டும் 2015லேயே நிற்கிறது.

ஆகஸ்ட் 3

"சரி, சட்டம் இருக்கிறது, அப்புறம் உமக்கு என்ன குறை" என்று கேட்டிருக்கிறீர்கள். குறை அந்த முதற்கட்ட மதிப்பீட்டில்தான்.

குழுமம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். கூண்டு கிடையாது, மேடை கிடையாது, போலீஸ் சீருடையில் வரக்கூடாது. ஒரு மேசை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள். பையனை எதிரே உட்கார வைப்பார்கள். சட்டம் குழுமத்திடம் பார்க்கச் சொல்வது: இந்தக் குற்றத்தைச் செய்யும் உடல், மன வலு அவனுக்கு இருந்ததா, விளைவு புரியும் திறன் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்ததாகச் சொல்லப்படுகிறது. முதல் முறை ஆஜரான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மதிப்பீடு. பையன் மேல்சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். நூல் ஏற்கனவே பாதி அறுந்துவிட்டது.

"கத்தியால் குத்தினால் ஆள் செத்துப்போவான்னு தெரியுமா தம்பி?"

"தெரியும் சார்."

"அது தப்புன்னு தெரியுமா?"

அவன் மாஜிஸ்திரேட்டை நிமிர்ந்து பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த ஒரே கேள்வி வந்துவிட்ட மாதிரி முகம். "தெரியும் சார்" என்றான், முன்னைவிடச் சத்தமாக.

அவ்வளவுதான், முடிந்தது. அந்த இரண்டு "தெரியும்" அறிக்கையில் ஏறின. தெரியாது என்று சொல்லியிருந்தால் பொய் சொல்கிறான், தந்திரக்காரன் என்று ஏறியிருக்கும். பதினாறு வயதில் எந்தப் பையனுக்குத்தான் கொலை தப்பு என்று தெரியாது? பத்து வயதுக்கே தெரியும். எல்லோரும் ஒரே பதில் சொல்லும் கேள்வியை வைத்து யாரைப் பிரித்தெடுப்பது?

ஆகஸ்ட் 3, சற்று நேரம் கழித்து

மேலே ஒன்று விட்டுப்போயிற்று. மதிப்பீடு நடக்கும்போது அவன் குற்றம் செய்தானா இல்லையா என்பதே இன்னும் தீர்மானமாகியிருக்காது. சட்டமே சொல்கிறது, இது விசாரணை இல்லை என்று. செய்தானா என்று தெரியாத செயலை, செய்தபோது மனம் எப்படி இருந்தது என்று கணிக்க வேண்டும். நான் குற்றமே செய்யவில்லை என்று ஒரு பையன் சாதித்தால் அவனிடம் சூழ்நிலையைப் பற்றி என்னவென்று கேட்பீர்கள்?

ஆகஸ்ட் 5

"தப்பு என்று தெரிந்தே செய்தவனுக்கு ஏன் சலுகை" என்று இங்கே மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறார்கள். வாதத்தின் அடிமுடிச்சு இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தெரிவது வேறு, நிறுத்த முடிவது வேறு. அமைதியாக உட்கார வைத்து ஒரு கணக்கையோ ஒரு நியாயத்தையோ யோசிக்கச் சொன்னால் பதினாறு வயதுக்காரன் பெரியவனுக்குச் சமமாகவே யோசிக்கிறான். ஆராய்ச்சிகள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் கோபம், பயம், பக்கத்தில் நண்பர்கள், முடிவெடுக்க ஐந்து விநாடி என்று வரும்போது அதே ஆள் வேறு ஆளாகிவிடுகிறான். அந்தக் கட்டுப்பாடு இருபதைத் தாண்டித்தான் முழுதாகக் கைவருகிறது. 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கார் ஓட்டும் விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்தபிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதுதான் சோதனை. கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தால் பதின்ம வயதினர் தனியாக ஓட்டியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு துணிச்சலாக ஓட்டினார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை.

இதைப் படிக்கும் முன்பே எனக்கு இது தெரியும். வழக்குக் கட்டுகளில் தனியாகப் போய்க் குற்றம் செய்த பையனைப் பார்ப்பது அபூர்வம். எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர். "யார் முதலில் சொன்னது" என்று கேட்டால் ஒருவன் முகத்தை ஒருவன் பார்ப்பான். பல நேரம் யாருமே முதலில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பொறுப்பு உண்டு. பெரியவனுடையதில் முழு அளவு இல்லை, குறைவு. மதிப்பீட்டில் கேட்கவேண்டிய கேள்வி "தெரியுமா" இல்லை. "நிறுத்தியிருக்க முடிந்ததா, யார் கூட இருந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தது."

ஆகஸ்ட் 5, இரவு

"அப்படியானால் 25 வயதுவரை எல்லோரும் பச்சைப்பிள்ளையா? ஓட்டுரிமையையும் 25 ஆக்கிவிடலாமே?"

நல்ல குத்துதான். ஆனால் ஓட்டுப் போடுவது ஐந்து விநாடியில், நண்பன் சட்டையைப் பிடித்து இழுக்கும்போது எடுக்கும் முடிவு இல்லையே. (சில ஊர்த் தேர்தல்களில் அப்படியும் நடக்கும், அதை விடுங்கள்.) 18 என்பது ஒரு கோடு. கோடு எங்கே போட்டாலும் அதற்கு அந்தப் பக்கம் ஒரு நாள் தள்ளிப் பிறந்தவன் நிற்பான். ஜெர்மனியில் 14க்குக் கீழே குற்றப்பொறுப்பே இல்லை. 18இலிருந்து 21வரை உள்ளவனையும் அவன் வளர்ச்சியைப் பார்த்துச் சிறார் சட்டத்தின்கீழ் விசாரிக்கலாம். அதாவது கோட்டை அழிக்காமல் இந்தப் பக்கம் கொஞ்சம் சரிவு வைத்திருக்கிறார்கள். நாம் சரிவை 18க்குக் கீழே வைத்தோம். இங்கிலாந்தில் பத்து வயதிலேயே குற்றப்பொறுப்பு தொடங்கிவிடும். 1993இல் இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்ற பத்து வயதுப் பையன்கள் இருவரை வயது வந்தோர் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். உட்கார்ந்தால் வெளியே தெரியவேண்டுமே என்று கூண்டின் தரையை உயர்த்திக் கட்டினார்கள். என்ன நடக்கிறது என்றே புரியாத பிள்ளைகளுக்கு அது நியாயமான விசாரணை ஆகாது என்று 1999இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது.

ஆகஸ்ட் 8

உளவியல் நிபுணர் வைத்துப் பார்க்கிறார்களே, பிறகென்ன என்றொரு வாதம்.

2022இல்தான் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பாக்கியது. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லையென்றால் வெளியிலிருந்து நிபுணர் உதவியைப் பெற்றே தீரவேண்டும் என்றது. அதற்கு முன் "பெறலாம்" என்ற சொல் "வேண்டாம்" என்றே வாசிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு குருகிராம் பள்ளி ஒன்றில் 2017இல் ஒரு சின்னப் பிள்ளை கொல்லப்பட்ட வழக்கில் வந்தது. முதலில் போலீஸ் பிடித்தது பள்ளிப் பேருந்து நடத்துநரை. அவர் ஒப்புக்கொண்டார் என்றுகூடச் சொன்னார்கள். பிறகு சிபிஐ வந்து 16 வயது மாணவன் ஒருவனைப் பிடித்தது, நடத்துநர் விடுவிக்கப்பட்டார். வளர்ந்த ஆளே செய்யாததை ஒப்புக்கொள்வான் என்றால் பையன்களின் வாக்குமூலத்தைப் பற்றி என்ன சொல்ல? நியூயார்க்கில் 1989இல் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்த பெண் தாக்கப்பட்ட வழக்கில், 14லிருந்து 16 வயதுவரையிலான பையன்கள் பல மணி நேர விசாரணைக்குப் பிறகு செய்ததாகச் சொன்னார்கள். உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு மரபணுவும் பொருந்தியபின் 2002இல்தான் தண்டனை ரத்தானது. அதற்குள் அவர்கள் சிறையில் இளமையைக் கழித்துவிட்டார்கள்.

நிபுணரைப் பற்றி. நல்லவர்கள்தான். ஆனால் பல மாதம் முன்பு ஓர் இரவில் அவன் மனம் எப்படி இருந்தது என்பதை இன்று ஒரு மணி நேரம் பேசிக் கண்டுபிடிப்பது, போன மாதக் காய்ச்சலை இன்று நெற்றியைத் தொட்டுச் சொல்வது போலத்தான். அவர்களிடம் கேட்டால் அவர்களே இதைச் சொல்வார்கள்.

ஆகஸ்ட் 9

புனே கார் விபத்தைக் கொண்டுவந்துவிட்டீர்கள். வரும் என்று தெரியும்.

2024 மே. 17 வயதுப் பையன், விலை உயர்ந்த கார், பைக்கில் போன இரண்டு பேர் சாவு. சில மணி நேரத்தில் பிணை. 300 வார்த்தையில் சாலை விபத்து பற்றிக் கட்டுரை எழுது என்றது குழுமம். "இதுதான் உங்கள் சிறார் நீதி, இரண்டு உயிருக்கு ஒரு கட்டுரை" என்று எழுதியிருக்கிறார் ஒரு நண்பர்.

ஒரு திருத்தம்: கட்டுரை தண்டனை இல்லை, பிணைக்கான நிபந்தனை. சிறாருக்குப் பிணைதான் விதி, மறுப்பதற்குத்தான் காரணம் வேண்டும். ஆனால் அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் அதே கோபம். ரத்த மாதிரியையே மாற்றியதாக வழக்கு, மருத்துவர்கள் கைது, அப்பா கைது, தாத்தா கைது. ஊர் கொதித்தது வயதைப் பார்த்தா பணத்தைப் பார்த்தா? நான் போய்வரும் குழுமத்தில் பைக் திருட்டில் பிடிபட்ட பையன், ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் வாரக்கணக்கில் கூர்நோக்கு இல்லத்தில் (வழக்கு முடியும்வரை சிறாரை வைக்கும் இடம்) கிடப்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பிணை விதி அவனுக்கும் அதேதான்.

அவனைப் பெரியவனாக விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கையை 2025 ஜூலையில் குழுமம் நிராகரித்தது. அதற்குச் சட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. கொடுங்குற்றம் என்றால், குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடமோ மேலோ இருக்கும் குற்றம். உச்ச நீதிமன்றம் 2020இல் இதைத் தெளிவாக்கியது. அதிகபட்சம் எவ்வளவு இருந்தாலும் சரி, குறைந்தபட்சம் என்று ஒன்று எழுதப்படாவிட்டால் அது கொடுங்குற்றத்தில் வராது. விபத்து நடந்தபோது இருந்த தண்டனைச் சட்டத்தில் கொலையாகாத மனிதக்கொலைக்கு அப்படிக் குறைந்தபட்சம் இல்லை.

இந்தக் கணக்கின் கோணல் எங்கே தெரியுமா? கஞ்சா. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தபட்சம் பத்து வருடம். ஆக, எவனோ ஒருத்தன் கையில் இரண்டு பையைக் கொடுத்து ரயிலில் ஏற்றிவிட்ட 16 வயதுக்காரன் கொடுங்குற்றவாளி, பெரியவனைப் போல விசாரிக்கப்படும் வாசல்வரை போகவேண்டியவன். குடித்துவிட்டு இரண்டு பேரை அடித்துக் கொன்றவன் இல்லை. கொலை முயற்சியும் தனியாக நின்றால் இந்தப் பட்டியலில் வராது.

ஆகஸ்ட் 10

நாங்குநேரியைப் பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டவருக்கு. இரண்டு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

2023 ஆகஸ்ட். பள்ளியில் நடந்த சாதிக் கொடுமையை வெளியே சொன்னதற்காக, பட்டியல் சாதி மாணவன் ஒருவனைக் கூடப் படித்தவர்களே இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. செய்தவர்கள் எல்லோரும் பள்ளி வயது.

நான் மேலே எழுதிய "ஐந்து விநாடி" வாதம் இங்கே அப்படியே நிற்காது. அரிவாள் எடுத்துக்கொண்டு வீடு தேடிப் போவதற்கு ஐந்து விநாடிக்கு மேல் ஆகும். வழியில் திரும்பிப்போக நேரம் இருந்தது. "கூட்டாளிகள்" வாதத்தைச் சொன்னால் அது இன்னும் சங்கடம். அந்தக் கூட்டாளித்தனத்துக்கே சாதி என்றுதான் பெயர்.

நான் இங்கே வந்து நிற்பது இதில்தான்: அந்தப் பையன்களின் பொறுப்பு குறையலாம், ஆனால் குறைந்த அந்தப் பங்கு காற்றில் கரைந்துவிடக்கூடாது. அது யாரோ ஒருவர் கணக்கில் ஏறவேண்டும். கையில் கலர் கயிறு கட்டிவிட்டவர், குருபூஜைக்கு வண்டி ஏற்றிவிட்டவர், "அவனை அடக்கி வை" என்று திண்ணையில் பேசியவர். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு போட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை பள்ளிக்குள் சாதிக் கயிறு கூடாது என்பதிலிருந்து தொடங்கி நிறையச் சொன்னது. அது பள்ளியைத் திருத்தும் அறிக்கை. வழக்கு விசாரணையில் திண்ணைக்காரருக்கு இடமே இல்லை. சிறாரைக் குற்றத்துக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்குத் தண்டனை என்று சிறார் நீதிச் சட்டத்திலேயே பிரிவு இருக்கிறது. நான் போய்வரும் இடத்தில் அந்தப் பிரிவில் வழக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

வெட்டுப்பட்ட பையனுக்கும் அதே வயதுதான் என்பதையும் இந்த வாதத்தில் நாம் மறந்துவிடுகிறோம். அவனுடைய மூளையும் வளர்ந்துகொண்டிருந்த மூளைதான்.

ஆகஸ்ட் 10, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு என் ஜூனியர் அனுப்பிய செய்தி: "சார், நீங்கள் இப்போது அரசுத் தரப்பா?" இல்லையம்மா. கட்டணமே வராத தரப்பில்தான் இன்னும் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 13

பாதிக்கப்பட்டவர்கள் பற்றிக் கேட்டதற்கு என் வீட்டுக் கதையே இருக்கிறது. அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். பைக்கில் இரண்டு பேர். அம்மா இழுபட்டு விழுந்து தோள்பட்டை எலும்பு விலகிவிட்டது. பிடிபட்டபோது பின்னால் உட்கார்ந்து அறுத்தவனுக்கு 17.

அம்மாவுக்கு அவனைத் தூக்கில் போடவேண்டும் என்றெல்லாம் இல்லை. நகை போனதுகூடப் பழகிவிட்டது. அவரைக் கடைசிவரை உறுத்தியது ஒன்றுதான்: என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. சிறார் விசாரணை மூடிய அறையில் நடக்கும், அடையாளம் வெளியே வரக்கூடாது, சரி. சாட்சி சொல்ல ஒருநாள் கூப்பிட்டார்கள். அதன்பிறகு மௌனம். "அவன் என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?" என்று என்னிடம் கேட்டார். வக்கீல் மகனாகிய எனக்கே பதில் தெரியவில்லை. ஸ்டேஷனில் கேட்டால் குழுமத்தைக் கேள் என்றார்கள், குழுமத்தில் கேட்டால் ரகசியம் என்றார்கள்.

இதை எழுதும்போது எங்கள் தரப்பு ஆட்களுக்கே பிடிக்காது என்று தெரியும். பையனைக் காப்பாற்றப் போட்ட திரை, பறிகொடுத்தவரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. பெயரைச் சொல்லாமலே முடிவைச் சொல்லலாம். அவன் ஒத்துக்கொண்டால் ஒரு நடுவர் முன்னால் இருவரையும் உட்கார வைக்கலாம். நியூசிலாந்தில் 1989 முதல் குற்றம் செய்த பிள்ளையின் குடும்பத்தையும் பாதிக்கப்பட்டவரையும் உட்கார வைத்துப் பேசும் கூட்டத்தைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். மூன்று வருடமா முப்பது வருடமா என்று சண்டை போடுகிறோம். அம்மா கேட்டது வருடக் கணக்கை இல்லை.

ஆகஸ்ட் 13, பின்குறிப்பு

இல்லை, எல்லா அம்மாக்களும் இப்படி நினைப்பதில்லை. செத்தவன் வீட்டில் இதைச் சொல்ல முடியாது என்று முதல் கேள்வியில் எழுதியது சரிதான். அங்கே சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 17

வயதைப் பற்றிய கிளைக்கதை. "இந்த 17 என்பதே போலிச் சான்றிதழ்" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்தவர்கள். பள்ளியில் சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியர் தோராயமாக ஒரு தேதி போட்டார், அதுவே பிறந்தநாள். ஆனாலும் சட்டம் முதலில் பார்ப்பது பள்ளி அல்லது தேர்வு வாரியச் சான்றிதழைத்தான். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்துப் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. எலும்புச் சோதனை சொல்வது ஒரு வீச்சுத்தான், தேதி இல்லை.

இதில் ஏமாற்று உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத் தவறு எவ்வளவு பெரிது என்று பாருங்கள். 1994இல் புனேயில் நடந்த ஒரு கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவர், குற்றம் நடந்த அன்று தனக்குப் பன்னிரண்டரை வயதுதான் என்று பள்ளிப் பதிவேட்டை வைத்து நிரூபித்தார். உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் அவரை விடுவித்தது. அதற்குள் 28 வருடம் உள்ளே இருந்துவிட்டார், அதில் பெரும்பகுதி தூக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்க. வயதுக் கேள்வியை எந்தக் கட்டத்திலும், எல்லாத் தீர்ப்பும் முடிந்தபிறகும் எழுப்பலாம் என்று சட்டம் வைத்திருப்பதால்தான் அவர் வெளியே வந்தார். பன்னிரண்டரை வயது. ஏழாவது எட்டாவது படிக்கும் வயது.

ஆகஸ்ட் 21

"எல்லாம் சரி. கடைசியில் எத்தனை வருடம் கொடுக்கலாம் என்கிறீர்? எண்ணைச் சொல்லும்."

எண்ணைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் எண்ணை ஒரே நாளில் சொல்வதுதான் கோளாறு என்பது என் கட்சி.

பெரியவன் விஷயத்தில் தீர்ப்பு நாளில் நிற்கும் ஆளும் பத்து வருடம் கழித்து வரும் ஆளும் பெரும்பாலும் ஒரே ஆள். பதினாறு வயதுக்காரனிடம் அப்படி இல்லை. குற்றங்களின் வரைபடத்தைப் போட்டால் பதின்ம வயதின் கடைசியில் உச்சிக்குப் போய் அப்புறம் சரசரவென்று இறங்கும், நாடு மாறினாலும் அந்த வடிவம் பெரிதாக மாறுவதில்லை. அமெரிக்காவில் பிலடெல்பியா, பீனிக்ஸ் என்ற இரு நகரங்களில் கடுமையான குற்றம் செய்த 1,300க்கும் மேற்பட்ட இளைஞர்களை ஏழு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலோர் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள். உள்ளே கூடுதல் காலம் வைத்திருந்தது அதற்கு உதவியதாகத் தெரியவில்லை. ஒரு சிறு கூட்டம் மட்டும் மாறவே இல்லை. யார் அந்தச் சிறு கூட்டம் என்று 16 வயதிலேயே சொல்லிவிட யாராலும் முடியவில்லை. 1990களில் அங்கே "ஈவிரக்கமற்ற புது இனக் குற்றவாளிகள் வரப்போகிறார்கள்" என்று பேராசிரியர்களே கணித்துப் பயமுறுத்தினார்கள். மாநிலம் மாநிலமாகச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். குற்றம் அதன்பாட்டுக்கு இறங்கிப்போனது, பிள்ளைகள் மட்டும் பெரியவர் சிறையில். அதே நாட்டில்தான் 2005இல் 18 வயதுக்குக் கீழே செய்த குற்றத்துக்குத் தூக்கு கூடாது என்றார்கள். 2012இல் பரோலே இல்லாத ஆயுளைக் கட்டாயமாக விதிக்கக்கூடாது என்றார்கள். 2016இல் அதைப் பழைய வழக்குகளுக்கும் பொருத்தினார்கள்.

நம் சட்டத்தில் இதற்கு ஒரு கதவு இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. பெரியவனைப் போல விசாரித்துத் தண்டித்தாலும் 21 வயதுவரை பாதுகாப்பு இடத்தில்தான் வைக்கவேண்டும், சிறையில் இல்லை. 21 ஆனதும், தண்டனைக் காலம் மீதமிருந்தால் சிறார் நீதிமன்றம் மறுபடி பார்க்கவேண்டும்: மாறியிருக்கிறானா, வெளியே விடலாமா, இல்லை சிறைக்கா. நன்னடத்தை அலுவலர் வருடாவருடம் அறிக்கை கொடுக்கவேண்டும். நான் சொல்லும் நியாயமான தண்டனை இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. 16இல் யூகிக்காதே, 21இல் பார்த்துச் சொல். மாறவில்லையா, உள்ளே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

என்னைக் கேட்டால் 21இல் மட்டும் நிறுத்தாமல் 25இலும் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

ஆகஸ்ட் 21, சற்று நேரம் கழித்து

"மாறிவிட்டதாக நடிப்பானே."

நடிப்பான். ஒரு மணி நேர மதிப்பீட்டில் நடிப்பது சுலபம், ஐந்து வருடம் நடிப்பது கஷ்டம். ஐந்து வருடம் ஒழுங்காக நடித்தால் அதுவே அவன் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 24

"21இல் திறந்து பார்ப்பதெல்லாம் அந்த ஐந்து வருடம் உள்ளே ஏதாவது நடந்தால்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது சரியான அடி, வாங்கிக்கொள்கிறேன்.

2022 டிசம்பர் கடைசி நாளில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் செத்துப்போனான். ரயில்வே பேட்டரி திருடியதாக வழக்கு, உள்ளே போய் இரண்டு மூன்று நாள்கூட ஆகவில்லை. அடித்ததில் சாவு என்று இல்லப் பணியாளர்கள் கைதானார்கள். பிறகுதான் இல்லங்களை ஆராய அரசு குழு போட்டது, அங்கும் நீதிபதி சந்துருதான். தையல் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள் என்று முதல் கேள்வியில் கிண்டல் செய்திருந்தீர்கள். தையல் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால்கூடப் போதும் என்ற நிலைமையில் இருக்கும் இடங்கள் உண்டு. நன்னடத்தை அலுவலர் பணியிடம் காலியாகக் கிடந்தால் வருடாவருட அறிக்கையை யார் எழுதுவார்? போன வருட அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றி வந்ததைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். எழுத்துப்பிழைகூட அதே இடத்தில்.

ஆகஸ்ட் 30

தனியாக ஒருவர் கேட்டிருந்தார், இங்கேயே சொல்கிறேன், பலருக்கும் பயன்படும். தம்பி 16 வயதில் ஓர் அடிதடி வழக்கில் குழுமம் முன்னால் நின்றானாம், புத்திமதி சொல்லி விட்டார்களாம். இப்போது வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பு வருகிறது. படிவத்தில் என்ன எழுதுவது?

சிறாராக இருந்தபோது குற்றம் நிரூபணமானாலும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது, ஆவணங்களை உரிய காலத்துக்குப்பின் அழிக்கவேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. பெரியவனைப் போல விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவனுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு இல்லை. உங்கள் தம்பி அந்த வகை இல்லை. மத்தியப் படை வேலை ஒன்றில் இதே சிக்கல் வந்தபோது உச்ச நீதிமன்றம் 2019இல் விண்ணப்பதாரர் பக்கம் நின்றது. குழுமத்தில் வழக்கு முடிந்த உத்தரவின் நகலுக்கு மனுப் போட்டு வாங்கிக் கையில் வையுங்கள். படிவத்தின் கேள்வி எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இங்கிருந்தே ஆம், இல்லை என்று சொல்ல மாட்டேன். படிவத்தை அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஸ்டேஷனில் பழைய பதிவேட்டில் பெயர் இன்னும் கிடக்கும், அதை எடுக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் நடக்காது.